அத்திவாரத்தில் வைத்த ஒற்றைத் தோடு

ரொறன்ரோவின் வடகிழக்கு ஓரத்திலுள்ள மில்லிக்கனுக்கு நாங்கள் வந்த புதிதில் அங்கே பஸ் ஓடவில்லை என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் தெருவின் பழைய ஆட்களான நீங்கள் நம்புவீர்கள். கடைசித் தரிப்பில் இறங்கி, சோளக்காட்டு ஓரமாக, சாப்பாட்டுப் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தவர்களில் உங்களில் சிலரும் உண்டு. இப்போது ஸ்டீல்ஸ் வீதிப் பிளாசாக்களில் கார் நிறுத்த இடமில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்கு உள்ளுக்குள் பெருமிதமாக இருக்கும். நன்றாக அலுத்துக்கொள்ளுங்கள். அங்கே அலுத்துக்கொள்ள ஒரு மனிதர்கூட இல்லாத காலத்தைப் பார்த்தவள் நான்.

எண்பத்தேழாம் ஆண்டு வசந்தம். எனக்குப் பன்னிரண்டு வயது. ரொறன்ரோ நகருக்குள்ளே, பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்றின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். லிஃப்ற் கதவு திறந்ததும் எந்த மாடியில் என்ன கறி என்று மூக்கே சொல்லிவிடும். எங்களுக்கு நேர் கீழே மன்னார் அன்ரி இருந்தார். ஊர் மன்னார் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். ஆனால் அவர்களுடைய கிறிஸ்மஸ் கேக்கும் எங்களுடைய பொங்கலும் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியபடியே இருந்தன.

அப்பா ஊரில் சேவையர், காணி அளப்பவர். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை இல்லாத ஒழுங்கை உண்டா? அப்பா அளவுச் சங்கிலியோடு வந்து நின்றால் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளும் என்று அம்மா பெருமை பேசுவார். ரொறன்ரோவில் அப்பா பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் கைபிடி பொருத்தினார். அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எந்த வீதியில் நடந்தாலும் எட்டு வைப்பதை எண்ணியே நடப்பார். எங்கள் வாசலிலிருந்து ஏரிக்கரை வரை எத்தனை எட்டு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

மில்லிக்கனில் வயல்களை வெட்டி வீடு கட்டப்போகிறார்கள் என்ற கதை வந்தது. கட்டாத வீட்டை வரைபடத்தில் பார்த்து வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார். பார்க்டேலில் எல்லோரும் சிரித்தார்கள். அது ரொறன்ரோவே இல்லை, மாடு மேய்கிற இடம் என்றார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரைபடத்தை வரவேற்பறைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு மீன் ரின்னை வைத்து, இது வீதி, இது பள்ளிக்கூடம், இது பூங்கா என்று எனக்குக் காட்டினார். வெள்ளைத் தாளில் ஓர் ஊரே இருந்தது. அதில் ஒரு சின்னச் சதுரத்துக்குச் சிவப்புப் பென்சிலால் நிறம் தீட்டியிருந்தார்.

"இதுதான் பிள்ளை நாங்கள்," என்றார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அத்திவாரத்துக்கு நாள் பார்த்துக் கல் வைக்க வேண்டும். நிலத்தின் வடகிழக்கு மூலையில் மூன்றடிக் குழி தோண்டி, நவதானியமும் பாலும் மஞ்சளும் இட்டு, ஒரு பொட்டுத் தங்கமும் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். நிலம் நம்மை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வீடு என்பது அம்மாவின் எண்ணம்.

தங்கம் என்று அம்மாவிடம் தாலியைத் தவிர ஒன்றுதான் இருந்தது, ஒற்றைத் தோடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், அப்பா மாற்றலாகிப் போயிருந்த கொழும்பில் எங்கள் வீடு எரிந்த அன்று, ரயில் பாதை வழியே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மற்றத் தோடு எங்கேயோ விழுந்துவிட்டது. அகதி முகாமிலும் விமானத்திலும் பார்க்டேலிலும் இந்த ஒற்றைத் தோடு ஒரு கைலேஞ்சியில் முடிந்து அம்மாவோடேயே இருந்தது. அதை அவர் உருக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காதில் பித்தளைத் தோடு போட்டுக்கொண்டார்.

நாள் குறிப்பதில் ஒரு சண்டை வந்தது. பஞ்சாங்கம் இலங்கை நேரத்துக்குக் கணித்தது. அங்கே நல்ல நேரம் என்றால் இங்கே எல்லோரும் படுக்கையில். மூன்று நாள் வாக்குவாதப்பட்டு, சூரியன் எங்கே நமக்கு உதிக்கிறதோ அந்த இடத்து நேரமே கணக்கு என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையாட்கள் இல்லாத நேரம் பார்த்து மில்லிக்கனுக்குப் போனோம். அப்பா கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். கையில் முகாம் அடிப்பவர்களுக்கான கடையில் வாங்கிய கொம்பாஸ். அங்கே எல்லை காட்டி அடித்த மரக்கட்டை முளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மாவிலைக்குப் பதிலாக, இடித்த பண்ணை வீட்டின் பின்னால் தப்பி நின்ற அப்பிள் மரத்தில் ஐந்து இலை பறித்தோம். மண் ஈரமாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தது, களிமண். அதன் குளிர் இப்போதும் என் விரலில் இருக்கிறது.

அப்பா முளைக்கு முளை அளந்து மூலையைக் கண்டுபிடித்தார். குழி தோண்டினார். அம்மா கைலேஞ்சியை அவிழ்த்துத் தோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.

"ஓடேக்கை விழுந்தது ஒண்டு. இருக்க வந்த இடத்திலை வைக்கிறது மற்றது," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். கொழும்பை விட்ட பிறகு அம்மா பகலில் நித்திரை கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, வேலை தொடங்கிவிட்டதா என்று பார்க்க அப்பாவும் நானும் மட்டும் போனோம். எங்கள் நிலம் இருந்த இடத்தில் நிலம் இல்லை. பெரிய சதுரப் பள்ளம் ஒன்று இருந்தது. என்னைப் போல இருவரை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தினாலும் தலை வெளியே தெரியாத பள்ளம்.

வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதிரி வீட்டில் படியிறங்கிப் பார்த்திருக்கிறோம். அம்மா அங்கே அரிசி மூட்டை வைக்க இடம்கூடத் தெரிவு செய்துவிட்டார். ஆனால் பேஸ்மென்ற் என்றால் முதலில் ஒரு பள்ளம் என்பது எங்கள் ஒருவர் தலையிலும் ஏறவில்லை. ஊரில் அத்திவாரம் என்றால் இடுப்பளவு வாய்க்கால். மூன்றடிக்குக் கீழே போனால் அதை யாரும் தீண்டுவதில்லை. எத்தனையோ பேருக்கு மூலை பார்த்துக் கொடுத்த அப்பாவும் அந்தக் கணக்கிலேயே இருந்துவிட்டார்.

அங்கே வேலைக்குப் பொறுப்பாக இருந்த ஃபோர்மன், நரைத்த மீசை வைத்த ஓர் இத்தாலியர். தோண்டிய மண் எங்கே என்று அப்பா கேட்டார். அவர் தெருவின் கடைசி மூலையைக் காட்டினார். பூங்கா வரப்போகும் இடத்தில், எல்லா வீட்டுப் பள்ளங்களின் மண்ணும் ஒரே குவியலாக, இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. அப்பா கற்குவியல் ஒன்றின் மேல் உட்கார்ந்து கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"அம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை. நான் தேடி எடுப்பன்."

அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. அம்மாவிடம் ஒளிக்கச் சொல்கிறாரே என்ற கோபம். இந்த நாட்டில் அவரிடம் மிச்சமிருந்தது நிலத்தைப் பற்றிய அறிவு மட்டும்தான் என்பதும், அதுவும் அந்தப் பள்ளத்தோடு போய்விட்டதென்று அவர் பயந்தார் என்பதும், எனக்கே ஐம்பது வயதான பிறகுதான் விளங்குகிறது.

அந்தக் கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்த மண்குவியலுக்குப் போனோம். அப்பா அதையும் அளந்தார். முளை அடித்து, வெள்ளை நூல் கட்டி, குவியலைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார். ஒரு சனிக்கு ஒரு சதுரம். நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பேன்; பிறகு இருவரும் குந்தியிருந்து மண்ணை உடைத்து அரிப்போம். அரிப்பதற்கு அம்மாவின் மா அரிதட்டைச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தோம். அதைக் காணாமல் அம்மா வீடெல்லாம் தேடினார். மன்னார் அன்ரிதான் இரவல் வாங்கிவிட்டு மறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னார் அன்ரிக்குக் காரணமே தெரியாது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் பாவம் செய்தவளாகப் படியேறி இறங்கினேன்.

ஃபோர்மன் வேறொன்றை நினைத்தார். கழுத்துப் பட்டி, கொம்பாஸ், குறிப்புப் புத்தகம், நூல் கட்டிய முளைகள்: அப்பாவைப் பார்த்து அவர் நகரசபையிலிருந்து வந்த அதிகாரி என்று முடிவு செய்துவிட்டார். நாங்கள் தெருமுனையில் தெரிந்தால் வேலையாட்கள் அவசர அவசரமாகத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்வார்கள். ஃபோர்மன் அப்பாவை மரியாதையாக "சேர்" என்றார். அப்பா மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்தான். ஆனால் கனடாவில் முதல்முறையாக ஒருவர் அவரை அவராகவே பார்த்தார். அந்தச் சந்தோஷத்தை அவர் நாலு சனிக்கிழமை வைத்திருந்தார். ஐந்தாம் சனி, ஒரு வரிசை வீடுகளின் பின்வளவுச் சரிவு சரியா என்று ஃபோர்மன் கேட்டார். அப்பா அளந்து பார்த்து, இப்படியே விட்டால் மழைத் தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி வரும் என்று சொன்னார். ஃபோர்மன் திரும்ப அளந்தார். அப்பா சொன்னது சரி. அதன் பிறகு ஏமாற்ற மனம் வராமல் அப்பா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். ஃபோர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த சனி நாங்கள் போனபோது, குவியலடியில் கட்டிட வேலைக்கு மணல் அரிக்கும் பெரிய வலைத்தட்டு ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அப்போதும் அவர் அப்பாவை "சேர்" என்றுதான் கூப்பிட்டார்.

ஆனி மாதக் கடைசியில், குவியலின் மேற்குச் சரிவில், களிமண்ணைப் பிளந்துகொண்டு பச்சையாக ஏதோ கிளம்பியிருப்பதைக் கண்டேன். புல் என்று நினைத்தேன். அப்பா முழங்காலிட்டுப் பார்த்தார். பயறு. பக்கத்தில் உழுந்து. கொஞ்சம் தள்ளி எள்ளு. நாங்கள் வைத்த நவதானியம், லொறியில் ஏறி வந்து, அங்கே முளைத்திருந்தது. அப்படியானால் தோடும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்க வேண்டும். நான் வலைத்தட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அப்பா மண்வெட்டியை எடுத்தார். ஒரு வெட்டு வெட்ட ஓங்கியவர், அப்படியே நின்றார்.

"கிண்டினால் இது செத்துப்போகும் பிள்ளை," என்றார்.

மண்வெட்டியைக் கீழே வைத்தார். அந்த இடத்தைச் சுற்றி நாலு முளை அடித்து நூல் கட்டினார். அதோடு தேடுவதை நிறுத்திவிட்டோம். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோடு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, பயற்றஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதரை என்னவென்று சொல்வது? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

ஆவணியில் அந்தக் கேள்வி வாசலுக்கே வந்துவிட்டது. மன்னார் அன்ரி குடும்பமும் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குக் கையெழுத்து வைத்தார்கள். முதலில் சிரித்தவர்களும் அவர்கள்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அரிதட்டு மனத்தாங்கலை அம்மா பெருந்தன்மையாக ஒதுக்கி வைத்திருந்தார். அன்ரியின் கையில் அவர்கள் ஊர் மடு மாதாவின் சின்ன வெள்ளிப் பதக்கம். செத்துப்போன தன் தாயின் கழுத்தில் கிடந்தது என்றார். தங்கள் சுவாமியையும் அம்மா தோடு வைத்த மாதிரி மண்ணில் வைக்கலாமோ என்று கேட்டார். அம்மாவுக்குச் சொல்லித்தரக் கிடைத்தால் விடுவாரா? மூலை, நாள், தானியம் என்று எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னார். அடுத்த நாள் காலையே செய்வதென்று முடிவானது. அவர்களுடைய நிலம் இன்னும் தோண்டப்படாமல் இருந்தது.

"மூண்டடி காணும். அதுக்குக் கீழை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்," என்றார் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவர் எழும்பி நின்றார்.

"தங்கச்சி, அந்தப் பதக்கத்தை நாளைக்கு வையாதையுங்கோ. நான் பிழை விட்டிட்டன். மெஷின் வந்து பத்தடி தோண்டி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டுது." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "எங்கடை தோடு அத்திவாரத்திலை இல்லை. காணி அளக்கிறவன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். உமக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

ஊர் வேலிச் சண்டைகளைப் பற்றி அப்பா சொன்ன நூறு கதைகளில், பிழை என் பக்கம் என்று எழும்பிச் சொன்ன ஒரு மனிதரைக்கூட நான் கேட்டதில்லை. அன்றைக்கு அப்பா, விருந்தாளிகள் முன்னால், தன் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அது பெருமையால் வந்த அழுகை என்று இப்போது தெரியும்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப என்ரை அரிதட்டு?"

அதுவும் அங்கேதான் என்று அப்பா சொன்னார். அம்மா மன்னார் அன்ரியைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அன்ரி ஒன்றும் விளங்காமல் விழித்தார். அதற்குப் பிறகு அன்று இரவு முழுவதும் அம்மா அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளி வைத்ததோடு சரி. ஒன்று ரயில் பாதையில் போனது, மற்றது லொறியில் போனது. புது வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அப்பாவும் அதைத்தான் பயந்தார்.

காலையில் அம்மா குளித்து, சேலை கட்டி, ஒரு பிளாஸ்கில் பால் ஊற்றி வைத்திருந்தார்.

"எங்கை எண்டு காட்டுங்கோ," என்றார்.

மன்னார் அன்ரியின் கணவருடைய பழைய காரில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து போனோம். குவியலைப் பார்த்ததும் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. புல்டோசர் வந்து உச்சியைத் தட்டையாக்கி, நாலு பக்கமும் சரிவிட்டு, ஒழுங்கான ஒரு மேடாக ஆக்கியிருந்தது. மேற்குச் சரிவில் மட்டும் அப்பா கட்டிய நூல் அப்படியே நின்றது. அதைத் தொடாமல் சுற்றிப் போகச் சொல்லியிருந்தார் ஃபோர்மன். நூலுக்குள்ளே பயறு காய்த்து, கறுத்த நெற்றுகள் தொங்கின.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அப்பா கை கொடுத்தார். அம்மா பிடிக்கவில்லை, ஆனால் தட்டிவிடவும் இல்லை. மேலே நின்று கீழே பார்த்தார். பாதி கட்டிய கூரைகள், தார் போடாத மண் தெரு, தூரத்தில் சோளம்.

"இதிலை என்ன கட்டுவினம்?"

"ஒண்டும் கட்டமாட்டினம். பார்க். பிள்ளையள் விளையாட."

"ஆரின்ரை பிள்ளையள்?"

"வாற எல்லாரின்ரையும்."

அம்மா பிளாஸ்கைத் திறந்து பயற்றின் அடியில் பாலை ஊற்றினார். ஒரு நெற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் உடைத்தார். பச்சைப் பயறு, ஊர்ப் பயறு போலவே மின்னியது.

"ரெயில் ரோட்டிலை விழுந்ததைத் தேடிப் போகேலாது. இது இருக்கிற இடம் தெரியுது. காணும்," என்றார். பிறகு கைநிறைய நெற்றுப் பிடுங்கி மன்னார் அன்ரியின் கையில் வைத்தார். "உம்மடை மாதாவோடை இதையும் வையும். தோண்டி முடிஞ்ச பிறகு வையும்."

எப்போது வைப்பது என்பதை ஃபோர்மன் சொல்லித் தந்தார். பள்ளம் தோண்டி, கொங்கிறீற் ஊற்றுவதற்கு முதல் நாள். மன்னார் அன்ரி வீட்டில் அப்படித்தான் செய்தோம். அன்ரி ஒரு செபமும் அம்மா ஒரு தேவாரமும் சொன்னார்கள். அதன் பிறகு அது அந்தத் தெருவின் வழக்கமாகிவிட்டது. தமிழ்க் குடும்பம் ஒன்று வாங்கினால் ஃபோர்மனே எந்த நாள் என்று கேட்பார். கொங்கிறீற் லொறியை அதற்கேற்பப் பிந்தி வரச் சொல்வார். அம்மா வீட்டுக்கு வீடு பயறு கொடுத்தார். முடிந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு கோடையும் எங்கள் பின்வளவில் கொஞ்சம் விதைத்தார்.

நாங்கள் கார்த்திகையில் குடிபுகுந்தோம். அதே மாரியில் மேட்டில் முதல் பனி விழ, நானும் அன்ரியின் மகளும் கடதாசிப் பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி விழுந்தோம். அடுத்த ஆண்டு பஸ் வந்தது. அதற்கடுத்து, அம்மாவுக்குக் கறிவேப்பிலை விற்ற முதல் கடை வந்தது. அதற்கு முன் கறிவேப்பிலைக்காக அஜின்கோர்ட் வரை போய் வந்தோம். பார்க்டேலில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பூங்காவுக்கு நகரசபை பழைய பண்ணைக்காரர் ஒருவரின் பெயரை வைத்துப் பலகை நட்டது. நல்ல மனிதராக இருந்திருப்பார், அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாங்கள் அதைத் தோட்டடி என்றோம். ஆலமரம் நின்றால் ஆலடி, கோயில் இருந்தால் கோயிலடி. தோடு கிடந்தால் வேறென்ன சொல்வது? இன்றைக்குத் தமிழ் நாக்கில் சரியாக ஏறாத உங்கள் பேரப்பிள்ளைகளும், எங்கே நிற்கிறாய் என்று போனில் கேட்டால், தோட்டடியில் என்றுதானே சொல்கிறார்கள்? ஏன் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் மாரியில் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து எங்கள் ஊரைப் படமாக வரைந்தார். நில அளவைத் திணைக்கள ஒழுங்குப்படி, அளவுப்படி, வடக்கு அம்புக்குறி போட்டு. ஒவ்வொரு வீடும் அதில் இருந்தது. மேட்டின் மேற்குச் சரிவில், பயறு முளைத்த அதே இடத்தில், ஒரு சின்னப் பெருக்கல் குறி. தன் பிழையைத் தானே அளந்து குறித்திருந்தார். பழைய சிவப்புப் பென்சிலை எடுத்து, மேடு முழுவதற்கும் பொறுமையாக நிறம் தீட்டினார்.

எங்கள் வீட்டுக்கு நிறம் தீட்ட மறந்துவிட்டாரே என்று நான் விரலால் காட்டினேன். அடுப்படியில் நின்ற அம்மாவும் எட்டிப் பார்த்தார். அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுதான் பிள்ளை நாங்கள்," என்றார், மேட்டைத் தொட்டு.